செவ்வாய்க்கிழமை ஆட்கள்

நிக்காந்திரா வில்காவிடம் சாக்குச் சொல்லித் தப்பித்தவர்கள் எங்கள் மலையில் யாரும் இல்லை. கட்டின புருஷனே தப்பிக்கவில்லை. ஊர்வேலைக்கு அவன் முறை வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் குடித்துவிட்டுக் குப்புறக் கிடந்தான். நிக்காந்திரா பதிவேட்டைத் திறந்து தன் வீட்டுக்கு நேராகவே "வரவில்லை" என்று எழுதினாள். மறுநாள் காலை அபராதச் சீட்டை அவனுடைய ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுத்த மாதம் சரக்கு லாரியில் ஏறித் தெற்கே போனவன் போனவன்தான். அபராதத்துக்குப் பயந்து ஓடிவிட்டான் என்று நாங்கள் கேலி செய்வோம். அவளும் கூடச் சிரிப்பாள்.

"போறான் விடு கொமாத்ரே. வீட்டுக்கு ஒரு ஆள் வந்தா போதும்னுதானே விதி? நான் இருக்கேன்ல."

அவளுடைய சின்ன மகளுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது பிள்ளையை ஏந்தி நின்றவள் நான். அதனால் எனக்கு அவள் கொமாத்ரே, அவளுக்கு நான் கொமாத்ரே. எங்களிடையே அது கூடப் பிறந்தவளைவிட ஒரு படி மேலான உறவு. அவளைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு. அவள் செய்த தப்பையும் சேர்த்தே எழுதுவேன், ஏனென்றால் அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

பெரு நாட்டுத் தலைநகர் லிமாவின் தென்கோடியில், லோமா பார்தா என்ற மொட்டை மலையில் நாங்கள் குடியேறி அப்போது பதினாறு வருஷம் ஆகியிருந்தது. மலையில் எட்டு வரிசை வீடுகள். முதலில் வந்தவர்கள் கீழே இடம் பிடித்தோம், பிந்தி வந்தவர்கள் மேலே மேலே ஏறினார்கள். நானும் நிக்காந்திராவும் இரண்டாம் வரிசை. அரசாங்கம் செய்து கொடுத்தது என்று சொல்ல ஒரு கைப்பிடி சிமெண்டுகூட அங்கே கிடையாது. இருநூற்றுப் பன்னிரண்டு படிகளையும் நாங்களே வெட்டினோம். பொதுச் சமையல் கொட்டகை, விளக்குக் கம்பங்களுக்குக் குழி, பிள்ளைகள் பந்து விளையாடும் திடல் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஊர்வேலையில் நடந்தவை. வீட்டுக்கு ஒரு ஆள், காலை ஏழு மணி, கையில் கடப்பாரை அல்லது மண்வெட்டி. மலைநாட்டில் எங்கள் அப்பன் பாட்டன் சேர்ந்து வாய்க்கால் வெட்டிய வழக்கம்தான், நகரத்துக்கு எங்களோடு வந்துவிட்டது.

அந்த ஊர்வேலையில் ஒழுங்கு பார்க்கும் பொறுப்பு நிக்காந்திராவுடையது, அதனால் அவளை 'ஒழுங்கு' என்றே கூப்பிடுவார்கள். மற்ற நாட்களில் ஜீன்ஸ் தைக்கும் பட்டறையில் ஜிப் வைப்பாள். ஞாயிறு வந்தால் கெட்டி அட்டை போட்ட பதிவேட்டோடு திடலில் நிற்பாள். மூன்று ஞாயிறு சேர்ந்தாற்போல் வராத வீட்டின் பெயர்மேல் சிவப்புப் பென்சிலால் கோடு விழும். கோடு விழுந்துவிட்டால் கூட்டத்தில் கை தூக்க முடியாது, வாய் திறக்கவும் முடியாது. கறார் என்றால் அப்படி ஒரு கறார். அவள் இல்லாவிட்டால் எங்களுக்குப் படியும் இல்லை, திடலும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் மட்டும் எந்த ஊர்வேலையிலும் வராது. அது லாரியில் வந்தது. தெருவோரம் பீப்பாய் வைத்துக் காத்திருந்து, கடலோரத்துப் பணக்காரர்கள் தங்கள் புல்லுக்குப் பாய்ச்சுகிற தண்ணீரை அவர்களைவிடப் பல மடங்கு விலைக்கு வாங்கினோம். லாரி நான்காம் வரிசை வளைவுக்கு மேல் ஏறாது. லாரி மட்டுமா? மக்கள்தொகை எண்ண வருகிறவரும் அந்த வளைவில் நின்று மேலே பார்த்து விரலால் எண்ணிவிட்டுப் போவார். தடுப்பூசி போடும் நர்சம்மா அங்கேயே குடையை விரித்து உட்கார்ந்து, "மேல இருக்கறவங்களைக் கீழ வரச் சொல்லுங்க" என்பாள். ஏழாம் எட்டாம் வரிசையில் முப்பத்தொரு வீடுகள். அங்கே இருப்பவர்கள் இருபது லிட்டர் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு ஈரக் களிமண்ணில் ஏறுவார்கள். நாங்கள் கீழிருந்து பார்ப்போம். பாவம் என்று சொல்லியிருப்போமா? இல்லை. "சோம்பேறிங்க, ஒரு ஞாயிறாவது வந்து பாதை வெட்டினா என்ன?" என்றுதான் சொல்வோம். அந்த முப்பத்தொரு வீட்டின் மேலும் சிவப்புக் கோடு விழுந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அந்த வருஷம்தான் தண்ணீர் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. மலைக்குக் குழாய் போடப் போகிறார்கள், குடியிருப்போர் பட்டியல் தேவை. கூட்டத்தில் கைதட்டல் வானத்தைப் பிளந்தது. பட்டியல் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, ஊர்வேலைப் பதிவேடு. அதில் பெயர் இருந்தால் இந்த மலையின் ஆள், இல்லாவிட்டால் இல்லை. வேறு பட்டியல் ஒன்று இருக்க முடியும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. நிக்காந்திரா பக்கங்களை நகல் எடுத்துக் கொடுத்தாள். தலைவர் தோன் அபுந்தியோ முத்திரை குத்தினார். நான் பக்கத்தில் நின்று, முத்திரை மை கலையாமல் ஊதிவிட்டேன்.

ஜூன் மாதம், மூடுபனி மலையை விட்டு இறங்காத நாட்களில், நிறுவனத்து ஆட்கள் வந்து குழாய் போகும் வழிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். மறுநாள் காலை என் கடை வாசலில் நிக்காந்திரா ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தாள். எட்டாம் வரிசை சோசிமா வாளியோடு இறங்கி வந்தாள். ஒடிசலான பெண், நாற்பது வயதிருக்கும், கல்லறையில் ஏதோ வேலை செய்கிறவள்.

"இந்தாம்மா ஒழுங்கு, கோடு ஏன் ஆறாம் வரிசையோட நின்னு போச்சு? சுண்ணாம்பு தீர்ந்திருச்சா?"

"இன்னைக்கு வந்து போடுவாங்களா இருக்கும்."

"மூட்டையைக் கட்டிக்கிட்டு வண்டி ஏறிட்டாங்க. நான் என் கண்ணால பாத்தேன்."

நிக்காந்திரா ரொட்டியை என் கையில் திணித்துவிட்டு இறங்கி ஓடினாள். நானும் கடையைப் பூட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். நிறுவனத்து அலுவலகத்தில் இஞ்சினியர் பலாசியோஸைப் பிடித்தோம். நல்ல மனிதர், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்வார். கோப்பைத் திறந்து எங்கள் பதிவேட்டின் நகலையே எங்களிடம் காட்டினார்.

"நீங்க குடுத்ததுதான் சேன்யோரா. கோடு போட்டதெல்லாம் காலி வீடுன்னு எடுத்துக்கிட்டோம். நூத்து நாப்பத்தொம்பது வீடு. தொட்டி, குழாய் எல்லாம் அதுக்குத்தான் கணக்கு."

"காலி வீடு இல்லைங்க இஞ்சினியரே. எல்லாத்துலயும் ஆள் இருக்கு."

"அப்ப ஏன் கோடு அடிச்சீங்க?"

நிக்காந்திரா நகலை வாங்கி, அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தாள்.

ஆகஸ்ட் கடைசியில் கோப்பை மூடுவார்கள் என்றார் இஞ்சினியர். மேல் வீடுகளைச் சேர்க்க அதற்குமுன் இரண்டு காரியம் நடக்க வேண்டும். ஊர்க்கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் சம்மதித்து எழுதித் தர வேண்டும். மேல் வரிசைகளில் மண் சரிகிறது, பள்ளம் தோண்ட முடியாது, அதனால் அறுபது மீட்டருக்குத் தாங்குசுவர் கட்டி, ஒன்றரை மீட்டர் அகலத்துக்குப் பாதை வேண்டும். சுவர் கட்ட நிறுவனத்திடம் ஒதுக்கீடு இல்லை.

"கோப்பு மூடினப்புறம்?" என்று கேட்டாள் நிக்காந்திரா.

"அடுத்த கட்டத்துல சேர்ப்பாங்க."

"எந்த வருஷம்? மழுப்பாம சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எதிர் மலையில பதினோரு வருஷமா காத்திருக்காங்க."

தோன் அபுந்தியோவிடம் போனோம். கொத்தனார் வேலை பார்த்துப் பார்த்துத் தோள்பட்டை இறங்கிப்போன மனிதர், பேச்சு மட்டும் இறங்கவில்லை. முப்பத்தொரு வீட்டைச் சேர்த்தால் எல்லோருக்கும் தினம் ஆறு மணி நேரம் வர வேண்டிய தண்ணீர் ஐந்து மணி நேரமாகிவிடும் என்று இஞ்சினியர் சொன்னது அவருக்கும் தெரிந்திருந்தது.

"பதினாறு வருஷமா முதுகு ஒடிஞ்சது நமக்கு. ஒரு கல்லுகூட தூக்காதவன் வந்து குழாயைத் திறப்பானா? நீதானம்மா கோடு போட்டவ. உன் கோட்டையே நீ அழிப்பியா?"

எனக்கு அவர் பேச்சு நியாயமாகத்தான் பட்டது. என் கடைக்கு ஆறு மணி நேரத் தண்ணீர் என்றால் எத்தனை வசதி என்று மனது கணக்குப் போட்டது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

அடுத்த ஞாயிறு ஊர்வேலை முடிந்ததும், மேலே போய் ஆட்களிடம் பேசுகிறேன் என்று நிக்காந்திரா கிளம்பினாள். நானும் போனேன். ஏழாம் வரிசைக்கு நான் ஏறி ஆறு வருஷம் இருக்கும். களிமண் வழுக்கி இரண்டு முறை முட்டி போட்டேன். மேலே போனால் முப்பத்தொரு கதவிலும் பூட்டு. பிள்ளைகள்கூட இல்லை. ஒரு நாய் மட்டும் எங்களைப் பார்த்துக் குரைத்துவிட்டு, அதுவும் சலித்துப் படுத்துக்கொண்டது.

"குடிச்சுட்டுக் கிடக்கறாங்கன்னு சொன்னோமே கொமாத்ரே, எங்க கிடக்கறாங்க?" என்றாள் நிக்காந்திரா.

சோசிமாவையாவது தேடிப் பிடிப்போம் என்று மலையின் மறுபக்கம் இறங்கினோம். அங்கே பெரிய கல்லறைத் தோட்டம். லிமாவின் ஏழைகளில் பாதிப்பேர் அங்கேதான் படுத்திருக்கிறார்கள். ஞாயிறென்றால் செத்தவர்களைப் பார்க்க உயிரோடிருப்பவர்கள் குடும்பம் குடும்பமாக, சோறு, பீர், பூங்கொத்து சகிதம் வந்துவிடுவார்கள். வாசலுக்குள் நுழைந்ததுமே எங்கள் மலை முகங்கள். ஒருவர் வயலின் வாசிக்கிறார். ஒருத்தி கார்னேஷன் பூ விற்கிறாள். சின்னஞ்சிறுசுகள் தண்ணீர்க் கேன் தூக்கிக்கொண்டு ஓடுகின்றன. சவப்பெட்டிகளை ஐந்தடுக்காகச் செருகி மூடிய சுவரில் ஏணி போட்டு, உச்சியில் யாரோ ஒருவரின் பெயர்ப்பலகையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள் சோசிமா. வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லாதவள் நாள் முழுக்கச் செத்தவர்களைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

எங்களைப் பார்த்துவிட்டு மேலிருந்தே கேட்டாள்: "என்னம்மா ஒழுங்கு, இங்கயும் பேர் கூப்பிட வந்துட்டியா?"

"இறங்கி வா சோசிமா. பேசணும்."

"இறங்கினா இந்த ஏணியை வேற ஒருத்தி எடுத்துட்டுப் போயிடுவா. அங்க நின்னே பேசு."

நிக்காந்திரா கழுத்தை நிமிர்த்தி நின்றபடி நடந்ததையெல்லாம் சொன்னாள். பட்டியலை நான்தான் கொடுத்தேன், தப்பு என்னுடையது என்றும் சொன்னாள். சோசிமா தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"ஒரு ஆளாவது ஞாயித்துக்கிழமை அனுப்பியிருக்கலாம்ல?" என்று நான் குறுக்கே புகுந்தேன். என் வாய் அப்படி.

சோசிமா அப்போதுதான் திரும்பினாள். "உன் கடையில எந்த நாள் வியாபாரம் அதிகம், தெல்ஃபினா?"

"சம்பளம் வர்ற சனிக்கிழமை."

"சனிக்கிழமை கடையைச் சாத்திட்டுக் கல்லு சுமக்க வான்னா வருவியா? எங்களுக்கு வாரத்துக்கு ஒரே நாள்தான் பொழைப்பு. புருஷன், பிள்ளை, அத்தனை பேரும் நின்னாத்தான் அந்த வாரம் அடுப்பு எரியும். திங்கக்கிழமை அழுக்குத் துணி துவைக்கற நாள். செவ்வாய்க்கிழமை எங்களுக்குச் செத்த நாள். இங்க காக்காகூட வராது. செவ்வாய்க்கிழமை கூப்பிடு, மலையைப் பேத்துத் தர்றேன். யாரும்மா கூப்பிட்டீங்க?"

நாங்கள் திரும்பி நடந்தோம். படி இறங்கும்போது நிக்காந்திரா ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"மூணு வருஷம், கொமாத்ரே. கோடு மட்டும் போட்டிருக்கேன். ஏன் வரலைன்னு ஒரு தடவைகூடக் கேக்கலை."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அழுதால் நேரம் போகும் என்று நினைக்கிறவள் அவள். மறுநாளே பட்டறை முதலாளியிடம் போய், செவ்வாய்க்கிழமை விடுப்பு கொடுங்கள், அதற்குப் பதில் ஞாயிறு வந்து தைக்கிறேன் என்று கேட்டாள். அவனுக்கு அவசர ஆர்டர் இருந்தது, சரி என்றான். பதிவேட்டை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

"நீ ஞாயித்துக்கிழமை வரலைன்னா உன் பேருக்கு என்ன எழுத?" என்று கேட்டேன்.

"வரலைன்னு எழுது."

"மேல வேலை செய்யறேல்ல? வந்தாச்சுன்னு போட்டுடறேனே. யார் கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்" என்றாள்.

முதல் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அவளோடு நானும் மேலே போனபோது, முப்பத்தொரு வீட்டிலிருந்தும் ஆள் நின்றது. சில வீட்டில் இரண்டு பேர். ஐந்தாம் வரிசைக்குப் பக்கத்திலிருந்த கல்லுக்குழியிலிருந்து எட்டாம் வரிசை வரை வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றிக் கல்லை மேலே ஏற்றினார்கள். பனிச்சாரலில் கல் வழுக்கும், விரல் மரத்துப் போகும். நிக்காந்திராவுக்கு இரண்டு நகம் பெயர்ந்தது. துணி சுற்றிக்கொண்டு வரிசையில் நின்றாள். கல்லறைக்காரர்கள் வேலை செய்கிற அழகே தனி. வருஷம் முழுக்கச் சரிவில் நின்று கல் கழுவி, கல் பதித்த கைகள். எந்தக் கல் எங்கே உட்காரும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வயலின்காரர் மதியம் கொஞ்சம் வாசிப்பார், வறுத்த சோளமும் உருளைக்கிழங்கும் தின்றுவிட்டு மறுபடி வரிசையில் நிற்பார்கள். சுவர் வாரத்துக்கு ஏழெட்டு மீட்டர் நகர்ந்தது.

கீழே வேறு கதை. ஞாயிறுதோறும் திடலில் நான் பெயர் கூப்பிடுவேன். "வில்கா, நிக்காந்திரா." யாராவது ஒருவன் சிரிப்பான். "ஒழுங்குக்கே ஒழுங்கு இல்லையா?" நான் பல்லைக் கடித்துக்கொண்டு "வரவில்லை" என்று எழுதுவேன். மூன்றாவது ஞாயிறு எழுதியபோது பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கூட்டம். கல்லறை மூடும் நேரம் ஆனதால் மேல் வரிசைக்காரர்களும் வேலைத் துணியோடு வந்துவிட்டார்கள். கோடு விழுந்தவர்கள் என்பதால் திடலின் கம்பிவேலிக்கு வெளியே நின்றார்கள். தோன் அபுந்தியோ பேசினார், கூட்டம் தலையாட்டியது. "நாங்க கல்லு சுமந்தப்ப அவங்க பூ வித்தாங்க" என்று ஒருவன் கத்தினான். சிலர் கைதட்டினார்கள்.

நிக்காந்திரா எழுந்தாள். "முதல்ல பட்டியல்ல ஒரு வேலை பாக்கி இருக்கு. கொமாத்ரே, வில்கா வீட்டுல எத்தனை ஞாயிறு வரலை?"

"அஞ்சு" என்றேன்.

அவள் பதிவேட்டை வாங்கி, தன் பெயரின் மேல் சிவப்புக் கோட்டை அழுத்திப் போட்டாள். எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினாள். பிறகு என்னிடம் கொடுத்துவிட்டு, வேலிக் கதவைத் திறந்து வெளியே போய் சோசிமாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"என்னம்மா நாடகம் இது? சொல்ல வேண்டியதைச் சொல்லு!" என்றார் தோன் அபுந்தியோ.

அவள் சொல்லவில்லை. கோடு விழுந்தவர்களுக்குக் கூட்டத்தில் பேச்சு கிடையாது. அவள் எழுதிய விதியை அவள் மீற மாட்டாள். அந்தக் கல்நெஞ்சுக்காரி, முப்பத்தொரு வீட்டின் தண்ணீரை என் வாயில் விட்டுவிட்டுப் போய் நின்றிருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. கடையில் உட்கார்ந்து ஊரையே ஏசுவேனே தவிர, கூட்டத்தில் நான் எழுந்து பேசியதே இல்லை. பதிவேட்டோடு எழுந்தேன்.

"தோன் அபுந்தியோ, இந்தப் பதிவேட்டோட முதல் பக்கத்துல உங்க கையெழுத்து இருக்கு. வாரத்துக்கு ஒரு நாள் வேலைன்னு எழுதியிருக்கு. ஞாயித்துக்கிழமைன்னு எங்க இருக்கு? காட்டுங்க!"

"வழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"நமக்கு லீவு நாள் ஞாயிறு. அதனால அது வழக்கம். அவங்களுக்கு லீவு செவ்வாய். இத்தனை நாள் சோம்பேறின்னு ஏசினோமே, நானும்தான் ஏசினேன். மேல போய்ப் பாத்தீங்களா? எல்லாரும் இப்பவே ஏறி வாங்க. பாத்துட்டு அங்கயே கையைத் தூக்குங்க, இல்லை மடக்கிக்குங்க."

முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். பாதிப்பேருக்கு ஐந்தாம் வரிசையிலேயே மூச்சு வாங்கியது. மேலே வந்து பார்த்தார்கள். இடுப்பளவு உயரத்தில் நாற்பது மீட்டர் நீளத்துக்குச் சுவர், ஒரு கல் துருத்தாமல். தோன் அபுந்தியோ சுவரோரம் நடந்தார். கொத்தனார் அல்லவா, கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு கல்லாகத் தட்டினார். மூலைக்கல்லைக் காலால் உதைத்தார்.

"இதை யார் வச்சது?"

"நான்தான். ஏன், ஆடுதா?" என்றாள் சோசிமா.

மறுபடி ஒருமுறை உதைத்துப் பார்த்தார். "ஆடலை" என்றார்.

நிக்காந்திராவைக் கழித்து நூற்று நாற்பத்தெட்டு வீடுகள். தொண்ணூற்றொன்பது கை வேண்டும். நான் எண்ணினேன். என் கையும் சட்டென்று எழவில்லை, அந்த ஒரு மணி நேரத் தண்ணீர் அதைப் பிடித்து இழுத்தது. எழுந்தபோது நூற்று மூன்று கைகள் இருந்தன. தோன் அபுந்தியோவின் கை எழவேயில்லை. ஆனால் முப்பத்திரண்டு வீடுகளைச் சேர்ப்பதாக எழுதிய தீர்மானத்தில் தலைவராகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த செவ்வாய்க்கிழமை தன் மட்டப்பலகையோடு மேலே வந்து நின்றார்.

ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி இஞ்சினியர் அளவு நாடாவோடு வந்தார். ஆறாம் வரிசையைத் தாண்டி ஏறிய முதல் அரசாங்க ஆள் அவர்தான். சுவர் சரியாக இருந்தது. பாதையும் சரியாகவே வந்து, கடைசியில் சோசிமாவின் சமையலறைப் பக்கம் முப்பது சென்டிமீட்டர் குறைந்தது. ஒட்டுப்பலகைச் சுவர், உள்ளே அடுப்பு, அடுப்பின் மேல் சூப் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஒன்றரை மீட்டர் இல்லைன்னா என்னால எழுத முடியாது சேன்யோரா" என்றார் அவர் சங்கடத்தோடு.

சோசிமா சூப்புப் பானையை இறக்கி நிக்காந்திரா கையில் கொடுத்தாள். கடப்பாரையை எடுத்துப் பலகையின் இடுக்கில் விட்டு நெம்பினாள். ஆணிகள் கிறீச்சிட்டு வந்தன. நிமிஷத்தில் சுவர் மண்ணில் கிடந்தது, அவளுடைய தட்டுகளும் அடுப்பும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றன.

"இப்ப அளங்க" என்றாள்.

அவர் அளந்து எழுதினார்.

குழாய் வர அதற்குப் பிறகு பதினான்கு மாதம் ஆயிற்று. நிறுவனத்துக்காரர்கள் இரண்டு முறை வேலையை நிறுத்தினார்கள். இரண்டு முறையும் நிக்காந்திரா முப்பத்தொரு வீட்டாரோடு, அதுவும் செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து, அவர்கள் அலுவலக வாசலில் போய் உட்கார்ந்தாள். இப்போது எங்கள் பதிவேட்டில் இரண்டு நாள் இருக்கிறது. யாருக்கு எந்த நாள் என்று வீடு வீடாக ஏறிப்போய்க் கேட்டு எழுதினவள் அவள்தான்.

தண்ணீர் வந்த அன்று நானும் அவளும் எட்டாம் வரிசைக்கு ஏறினோம். சோசிமா வீட்டுக் குழாய் முதலில் காற்றாகச் சீறியது, பிறகு துரு நிறத்தில் துப்பியது, பிறகு தெளிந்து ஓடியது. பிள்ளைகள் கத்திய கத்தலில் காது அடைத்தது. நான் வெட்கமில்லாமல் அழுதேன். சோசிமா வாளியை வைத்துவிட்டு, நிறைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். நிக்காந்திரா அவளருகே குனிந்து உட்கார்ந்தாள்.

"சோசிமா, என் மேல இன்னும் கோவம் இருக்கா?"

"இருக்கு."

சோசிமா தன் இடது மணிக்கட்டை நீட்டிக் காட்டினாள். எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது.

"நீ கோடு போட்ட வருஷம் வாளியோட விழுந்தேன். அப்பவே ஏறி வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அன்னைக்கே இந்தச் சுவரைக் கட்டியிருப்போம். கோவம் போகாது, நிக்காந்திரா. அது பாட்டுக்கு இருக்கும்."

நிக்காந்திரா தலையசைத்தாள். சமாதானம் சொல்லவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

"வாளி நிறைஞ்சிருச்சு பாரு" என்றாள் சோசிமா. "வாயைப் பாத்துக்கிட்டு இருக்காம அடுத்ததை எடுத்து வை."

நிக்காந்திரா எடுத்து வைத்தாள்.